ஊர் வீடு: கட்டிய விதமும் கைமாறிய விதமும்

சங்கத்தின் பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பள்ளிவாசல்களைப் பற்றியும் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவைப் பற்றியும் எழுத நம்மில் மூத்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கிள்ளானில் கட்டுமானச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். எங்களில் ஒருவர் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா படித்தவர். சிமெண்ட், கம்பி, ஓடு, பைப், இவைதான் எங்கள் பிழைப்பு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, உத்திரம் வளைந்திருக்கிறதா என்றுதான் கண் போகும். ஆகவே எங்களுக்குத் தெரிந்ததைப் பற்றியே எழுதுகிறோம்: ஊரில் இருக்கும் பழைய வீடு.

இந்த மலரைப் படிக்கும் அநேகக் குடும்பங்களுக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது, அல்லது இருந்தது. பாட்டனார் கட்டியது, இல்லை அவருடைய வாப்பா கட்டியது. மலாயாக் காசில் எழுந்தது. பேச்சு வந்தால் தேக்குத் தூணைப் பற்றியும் முற்றத்தில் விழுந்த மழையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவோம். அது இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நின்றது. பிள்ளைகளை ஒரு பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனருக்கு அழைத்துப் போயிருந்தோம். அங்கே பாடான் வாரிசான் மலேசியா என்னும் மரபுடைமை அமைப்பின் வளாகத்தில் ஒரு கம்பத்து வீடு நிற்கிறது. ரூமா பெங்ஹுலு அபு செமான் என்று பெயர். அது பிறந்த இடம் கெடாவின் தென்கோடியில் உள்ள பண்டார் பஹாரு மாவட்டம், பாகான் சமாக் முக்கிம். அந்த முக்கிமின் பெங்ஹுலுவாக இருந்தவர் 1910-க்கும் 1930-களின் தொடக்கத்துக்கும் இடையில் பகுதி பகுதியாகக் கட்டிக்கொண்டது. வசதி வர வர வீடும் வளர்ந்தது. பிறகு குடும்பம் வளர்ந்து கலைந்தது. வீடு கவனிப்பாரின்றிச் சிதைந்தது. 1990-களின் நடுவில் பாடான் வாரிசான் அதைத் தன் பொறுப்பில் எடுத்து, தூண் தூணாகவும் பலகை பலகையாகவும் கழற்றி, கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தியது.

வீட்டைக் கழற்றிப் பூட்டுவதா என்று பிள்ளைகளுக்கு வியப்பு. மலாய் வீட்டின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. தூணில் துளை போட்டு, அதன் வழியே குறுக்கு மரத்தைச் செருகி, இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். ஆணிக்கு வேலை குறைவு. தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் உட்கார வைப்பதால் கறையானுக்கு எளிதில் எட்டாது. சுவர் என்பது பலகை. பாரத்தைத் தாங்குவது தூண்தான். ஆகவே ஆப்பைத் தட்டி எடுத்தால் வீடு பிரிந்து வரும். முன்காலத்தில் கம்பத்து ஆட்கள் கூடி வீட்டை அப்படியே தோளில் தூக்கி வேறு மனைக்கு நகர்த்துவதும் உண்டு.

எங்களுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. முன்னால் பாலாய், வந்தவர்களை உட்கார வைக்கும் இடம். நடுவில் ரூமா இபு, குடும்பம் புழங்கும் இடம். பின்னால் டாப்போர், அடுப்படி. இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் வீட்டிலும் இதே வரிசைதான்: முன்னால் திண்ணையும் தலைவாசலும், நடுவில் முற்றத்தைச் சுற்றிய கூடம், பின்னால் அடுப்பங்கரையும் கிணற்றடியும். ஆண் விருந்தாளி எந்த வாசற்படியோடு நிற்க வேண்டும் என்பதை இரண்டு வீடுகளும் சொல்லாமலே சொல்லிவிடும். நம் பாட்டன்மார் இங்கே மலாய் வீடுகளுக்குள் கால் வைத்தபோது அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

அப்போது எங்கள் மகள்களில் ஒருத்தி கேட்டாள்: “நம்ம ஊர் வீட்டையும் இப்படிக் கழற்றிக் கொண்டுவரலாமா?”

முடியாது. நம் வீடு சுண்ணாம்பும் செங்கல்லும். அதைக் கட்டியவர் எங்கள் பாட்டனாரின் வாப்பா. தலைவாசல் நிலையின் மேல்கட்டையில் ஹிஜ்ரி 1355 என்று செதுக்கியிருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் 1936-37. பிரிக்பீல்ட்ஸில் சிறிய மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பணம் அது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் கட்டச் சூடான சூளைகள் அங்கே இருந்தன. அந்த மண்ணில் கடை போட்டவர் ஊரில் செங்கல் வீடு கட்டியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எங்கள் தொழில் அது. மன்னார் வளைகுடாக் கரையில் சுண்ணாம்பு கடலிலிருந்து வந்தது: சிப்பியும் பவளப்பாறைக் கல்லும் சுட்டுத் தாளித்தது. (1986-ல் அந்தக் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, இன்று பவளக்கல்லில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.) சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் விட்டு நாள்கணக்கில் அரைப்பார்கள். பூச்சு மழுமழுவென்று கை வழுக்கும். முன்பகுதிக்கும் இரண்டாங்கட்டுக்கும் மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம். பர்மாத் தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், கோணலாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மரக்கட்டையால் அடித்து இறுக்கியது. அடுப்பங்கரைக்கு மட்டும் மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் சரக்கு நம் கடற்கரை வரை பரவியிருந்தது.

சிமெண்ட் விற்கிற நாங்களே சொல்கிறோம்: பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும், உப்பு பூத்துப் பூச்சு உதிரும், கடைசியில் சுவருக்குள் இருக்கும் தேக்குச் சட்டத்தின் முனை உளுத்துப் போகும். சட்டத்தின் முனை போனால் தளம் போயிற்று. ஊரில் இடிந்த பல வீடுகளுக்கு நல்லெண்ணத்தில் செய்த ரிப்பேர்தான் எமனாக இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் எவரும் மறக்காத ஒன்று உண்டு. கூடத்தின் மூலையில் ஒரு மாடிப்படி. பதினான்கு படி ஏறினால் தளத்தில் முட்டும். மாடி கிடையாது. வீட்டைக் கட்டும்போதே படியைக் கட்டிவிட்டு, மாடியை அடுத்த தடவை பணம் வரும்போது எழுப்பலாம் என்று விட்டிருக்கிறார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தான். பணம் வருவது நின்றது; கடிதமும் நின்றது. மூன்றரை வருடம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஊருக்குத் தெரியாது. போர் முடிந்து பணம் வரத் தொடங்கியபோது முதல் செலவு இரண்டு பெண்களின் கல்யாணம். மாடி அப்படியே நின்றுபோனது. எங்கள் வாப்பா சிறுவயதில் ஊருக்குப் போனபோது அந்தப் படியில் உட்கார்ந்துதான் ஓதுவாராம்.

இனி உரிமையின் கதை. கட்டியவருக்கு மூன்று மகன், இரண்டு மகள். மூத்த மகன் எங்கள் பாட்டனார். வாப்பாவோடு கடையில் நின்றவர், பிறகு கிள்ளானுக்கு வந்து தனிக் கடை போட்டுக் குடியுரிமை பெற்றவர். இரண்டாமவர் சிங்கப்பூர் போனார். மூன்றாமவர், எங்கள் சின்னப் பாட்டனார், இங்கேயே இருந்தார், ஆனால் சிவப்பு ஐசி. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானதும், இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அவரும் 1970-ல் போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பல் ஏறினார். மனைவி மக்களோடு அந்த வீட்டில் குடிபுகுந்தார். அதே மண்ணில் ஒரே கடையில் நின்ற அண்ணன் தம்பிகளில் ஒருவர் மலேசியர், ஒருவர் ஊர்க்காரர் என்று பிரிந்தது ஒரு காகிதத்தால்தான். நம் சங்கத்தில் இப்படிப் பிரிந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ண முடியாது.

பத்திரம் இன்னும் கட்டியவர் பெயரில் இருக்கிறது. நத்தம் நில அளவை நடந்தபோது வீட்டில் குடியிருந்தவர் என்ற முறையில் பட்டா சின்னப் பாட்டனார் பெயரில் ஏறிவிட்டது. பட்டா என்பது வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனால் பட்டாவும் பத்திரமும் வேறு வேறு பெயரில் இருந்தால் விற்கவும் முடியாது, அடகு வைத்து ரிப்பேருக்குக் கடன் வாங்கவும் முடியாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யாரும் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஃபராயிள் கணக்கு போட்டுப் பார்த்தோம். கட்டியவர் மவுத்தானதும், பிறகு அவர் மனைவியும் மவுத்தானதும், மகன் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் அரைக்கால் பங்கு. கணக்கு சுத்தமாக இருந்தது. அன்றே பிரித்திருந்தால் ஐந்து கையெழுத்தோடு முடிந்திருக்கும். எங்கள் பாட்டனாருக்கு நான்கு மகன், மூன்று மகள். அவரும் பாட்டியும் போன பின் அந்தக் கால் பங்கு பதினோரு கூறாகி, எங்கள் வாப்பாவுக்கு இரண்டு கூறு: முழு வீட்டில் 22-ல் ஒன்று. வாப்பா போன பின் உம்மாவுக்கு அதில் எட்டில் ஒன்று. மீதியில் எங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு கூறு, தங்கைக்கு ஒரு கூறு. முடிவில் எங்களில் ஒருவருக்கு 440-ல் 7. வீட்டின் மனை 2,400 சதுர அடி. எங்கள் தனிப் பங்கு 38 சதுர அடி. பெரிய கட்டில் ஒன்று போடலாம். சுற்றி நடக்க இடமிருக்காது. உம்மாவின் பங்கு பதிமூன்றரை சதுர அடி, தொழுகை விரிப்பு இரண்டு விரிக்கலாம். பிரிக்காமலே ஒருவர் பின் ஒருவராக மவுத்தாகிப் பங்கு பெருகும் இந்த நிலைக்கு ஃபிக்ஹ் நூல்களில் முனாஸகா என்று தனிப் பெயரே உண்டு. அந்தக் காலத்திலும் நம்மைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்று எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் 47 பேர். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், சிங்கப்பூர், சென்னை, துபாய் என்று இருக்கிறோம். ஒருவரையொருவர் பார்த்தால் அடையாளம் தெரியாதவர்களும் இதில் உண்டு.

இது நமக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூர் நடுவிலேயே கம்போங் பாரு இருக்கிறது. 1899-ல் மலாய்க்காரர்களின் விவசாயக் குடியிருப்பாக ஒதுக்கப்பட்ட இருநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். பழைய மர வீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன, பின்னால் இரட்டைக் கோபுரம் தெரிய. ஒரே மனைக்குப் பாட்டன், பூட்டன் வழியாக வந்த வாரிசுகள் டஜன் கணக்கில். 2019-ல் அரசாங்கம் சதுர அடிக்கு 1,000 ரிங்கிட் வரை விலை சொன்னபோதும் காரியம் எளிதில் நகரவில்லை. விலை போதாது என்றவர்களும் மண்ணை விடமாட்டோம் என்றவர்களும் ஒருபுறம். எல்லா வாரிசுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது மறுபுறம். சௌகிட்டில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் தினமும் அந்த வீடுகளைக் கடந்துதான் போகிறார்கள்.

வேறு வழி கண்ட ஊர்களும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வீடு மகளுக்கு. கல்யாணத்தின்போதோ அதற்கு முன்போ பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே இந்த வழக்கத்தை இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார். அங்கும் வீடு பெண்ணுடையது. காயல்பட்டினத்தில் வீட்டின் அமைப்பே இதற்கு ஏற்றபடி இருக்கிறது. மனை நீளமாகத் தெருவிலிருந்து பின்பக்கம் வரை ஓடும். ஆண்கள் முன் தெருவில் வருவார்கள். பெண்கள் வீடுகளுக்கு இடையே போகும் முடுக்கு வழியாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வருவார்கள். அக்கா தங்கைகளின் வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் முடுக்கு எப்போதும் ஆள் நடமாட்டத்தோடு இருக்கும். கப்பலுக்கும் கொழும்புக்கும் போன ஆண்கள் வருடக்கணக்கில் வராத காலத்தில், வீடு அதில் குடியிருப்பவளுடையதாகவே இருந்தது. கூரை ஒழுகினால் யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

இங்கே நெகிரி செம்பிலானிலும் அடாட் பெர்பாத்தே வழியில் பூர்வீக மனையும் வீடும் பெண்வழியாகவே போகின்றன. 1909-லேயே அதற்குத் தனிச் சட்டம் போட்டு நிலப் பதிவேட்டில் குறித்தார்கள். சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து வந்தவர்களும் காயலிலிருந்து கடல் கடந்தவர்களும், ஆண்கள் ஊரில் தங்காத சமூகங்கள். வீட்டை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என்ற கேள்விக்கு ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்.

காயல் வழக்கத்தை நாங்கள் தலையில் தூக்கி வைக்கவில்லை. மூன்று பெண் பிறந்தால் மூன்று வீடு கட்ட வேண்டிய வாப்பாமார்களின் நெஞ்சுவலி நமக்குத் தெரியும். ஆனால் அதில் ஒன்று கவனிக்கத் தக்கது: உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுகிறார்கள். கொடுப்பவர் சொல்ல, பெறுபவர் ஏற்க, கைவசம் ஒப்படைத்தால் ஹிபா நிறைவேறிவிடும். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டமும் முஸ்லிம்களின் ஹிபாவைத் தன் நன்கொடை விதிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பதிவும் செய்துவிட்டால் பின்னால் வழக்குக்கு இடம் குறையும். எங்கள் பூட்டனாரும் அப்படி யாராவது ஒருவருக்குக் கொடுத்திருக்கலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வீடாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

போன பருவமழையில் இரண்டாங்கட்டின் தளம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், யாரும் உள்ளே இல்லை. வீட்டில் இப்போது இருப்பது சின்னப் பாட்டனாரின் மகள், எங்களுக்கு மாமி. எழுபது தாண்டியவர்கள், கணவர் இல்லை. கிள்ளானில் பிறந்து, சிறுமியாக அந்த ரஜூலாவில் போனவர்கள். போனில் பேசினால் இன்றும் “மக்கான் ஆச்சா” என்றுதான் முதலில் கேட்பார்கள். மனையை வாங்க ஆள் வந்திருக்கிறது. இடித்துவிட்டு மண்டபம் கட்டுவார்களாம். விற்றால் எங்கள் கைக்கு வரும் தொகை கடையின் ஒருநாள் வியாபாரத்துக்கு ஈடாகாது. மாமிக்குப் போக இடமில்லை.

பங்காளிகளில் இங்கே இருக்கும் நாங்கள் சங்கத்தின் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். சத்தம் இல்லாமல் இல்லை. என் வாப்பாவின் பங்கை ஏன் விட வேண்டும் என்று கேட்டவர் இருந்தார்; அவர் கேட்டது நியாயம், மார்க்கம் கொடுத்த உரிமை அது. விட்டுக்கொடுப்பதும் மார்க்கம் சொன்ன வழிதான்: ஒரு தொகைக்கு ஈடாகப் பங்கிலிருந்து விலகிக்கொள்ளும் தகாருஜ். அந்த வழியில், ஆளுக்கு ஒரு ரிங்கிட் பெற்றுக்கொண்டு மாமியின் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதுவது என்று முடிவாயிற்று. ஒருவர் மட்டும் பணமாகக் கேட்டார். அவருடைய பங்கின் விலையை மற்றவர்கள் போட்டுக் கொடுக்கிறோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக நடைமுறையையும் எழுதிவிடுகிறோம். மவுத்தானவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். 1950-களில் மலாயாவில் மவுத்தானவரின் சான்றில் பெயர் எழுத்து ஒரு மாதிரி, ஊர்ப் பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். இங்கிருந்து அதிகாரப் பத்திரம் கொடுப்பவர்கள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்குள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரை வரி கட்டியாக வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். அண்ணன் தம்பிக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் கட்டணம் குறைவு, தூரத்துப் பங்காளி என்றால் கூடுதல். அதனால்தான் ஒரு தலைமுறைக்குள் முடிப்பது லாபம் என்கிறோம். வில்லங்கச் சான்றை முதலில் போட்டுப் பாருங்கள்.

47 பேரில் இதுவரை 39 பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐந்து பேர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூவர் எங்கே என்று தெரியவில்லை. மூவரும் சிங்கப்பூர் போன பாட்டனாரின் ஒரு மகள் வழிப் பேரப்பிள்ளைகள். ஜொகூரில் இருப்பதாகக் கேள்வி. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது சிங்கப்பூர் வழி உறவில் இப்படி ஓர் ஊர் வீடு பற்றிப் பேச்சு காதில் விழுந்திருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

தளத்தைச் சுண்ணாம்பிலேயே மறுபடி போட, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறோம். பழைய தேக்குச் சட்டங்களில் முனை உளுத்தவற்றை வெட்டி, புது முனை ஒட்டலாம் என்கிறார். போன வாரம் மாமி போன் செய்தார்கள். கொத்தனார் அந்த மாடிப்படி வீணாக இடத்தை அடைக்கிறது, எடுத்துவிட்டால் ஒரு கட்டில் போடலாம் என்கிறாராம். “வாப்பா, எடுக்கச் சொல்லவா, இருக்கட்டுமா?” என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறோம் மாமி என்றோம். யாரைக் கேட்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.